புகார் சொல்லாதவர்கள் நாங்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இதழில், நம் குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றங்களின் அன்றாடப் பணிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மின்தூக்கிப் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டிகளைத் துப்புரவு செய்தல், ஏறத்தாழ ஏழாண்டுக்கு ஒருமுறை அடுக்குமாடிப் புளோக்குகளுக்குச் சாயம் பூசுதல் என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவந்த கட்டுரையாளர், சிறு பழுதுகள் நெடுநாள் சரிசெய்யப்படாமல் கிடப்பதற்குக் குடியிருப்பாளர்கள் உரிய நேரத்தில் தெரிவிக்காததே காரணம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளம் முடிந்து, பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் கூரையிட்ட நடைபாதை தொடங்குகிற இடத்தில், தரை சற்றுத் தாழ்ந்திருக்கிறது. சென்ற முறை புளோக்குக்குச் சாயம் பூசிய கையோடு கீழ்த்தளத்துத் தரையோடுகளையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் குறை. வடிகாலை நோக்கிச் சரியவேண்டிய தரை சுவரை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. சக்கர நாற்காலியில் செல்பவர்களும் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்பவர்களும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். மூன்றாம் மாடியில் வசிக்கும் மலாய் மூதாட்டி ஒருவர் அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

நான் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கே, எப்போது, யாரிடம் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியில் சொன்னேன், கடிதம் எழுதினேன், என் மகன் பேட்டைக் குறைகளைத் தெரிவிப்பதற்கான ஒன்சர்வீஸ் செயலியில் படத்துடன் அனுப்பினான், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் வரிசை எண் வாங்கிக் காத்திருந்தும் சொன்னேன். தரை எங்களுடையது, ஆனால் தண்ணீர் நடைபாதைக் கூரையிலிருந்து வடிகிறது, எனவே வேறு அமைப்புக்கு அனுப்பியிருக்கிறோம் என்று நகர மன்றம் பதில் எழுதியது. கூரையில் கோளாறு ஏதும் இல்லை, தரையை நகர மன்றம்தான் கவனிக்கவேண்டும் என்று அந்த அமைப்பு எழுதியது. இரண்டு கடிதங்களும் மிக மரியாதையானவை. இரண்டிலும் என் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அதன்பின் இவ்விவகாரம் முடித்துவைக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. முடிந்தது கோப்பு, தண்ணீர் அங்கேயேதான் நின்றது.

2014ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சியின் கதை தங்களுக்கு நினைவிருக்கும். புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே கிடந்த ஒரு குச்சியை அகற்றுவது யார் பொறுப்பு என்று பார்த்தால், சரிவு தேசியப் பூங்காக் கழகத்திடமும் வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் இருந்ததை அவர் நாடறியச் சொல்லி, இப்படி நடக்கக்கூடாது என்றார். அவ்வாண்டே, பல அமைப்புகளைத் தொடும் இத்தகைய புகார்களை ஒருங்கிணைக்க நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒன்சர்வீஸ் செயலியும் வந்தது. குச்சிக்குக் கிடைத்த விமோசனம் எங்கள் தண்ணீருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தங்கள் கட்டுரையாளர் விசாரித்து எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

நாங்கள் தெரிவிப்பதில்லை என்கிறாரே, நகர மன்றம் எங்களுக்குத் தெரிவிப்பதில் மட்டும் ஒருநாளும் தாமதம் கண்டதில்லை. என் வீட்டு வாசலில் ஒரு துளசித் தொட்டி இருந்தது. தீ விபத்து நேர்ந்தால் தப்பிச்செல்லத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்கவேண்டும் என்பது சரியான விதி. அதை நான் மறுக்கவில்லை. என் தொட்டியைக் கணக்கில் சேர்த்தாலும் அந்த இடைவெளி இருந்தது. அளவுநாடா கொண்டுவராமலேயே அதிகாரி ஒருவர் தொட்டியின்மேல் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார். கெடு தேதியும் அதில் இருந்தது. துளசியை வீட்டுக்குள் எடுத்துவைத்தேன், வெயில் போதாமல் பட்டுப்போனது. அதேபோல், வீட்டுக்குள் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால் 200 வெள்ளி அபராதம் என்பதை அறியாத குடும்பம் இந்தப் பேட்டையில் கிடையாது. கீழ்த்தளத்தில் நிற்கும் நீருக்கு யார் அபராதம் விதிப்பது?

கட்டண விஷயத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. நகர மன்றத்துக்கு நாங்கள் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் 2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் உயர்ந்தது. எரிசக்தி விலையும் துப்புரவு ஊழியர்களின் சம்பளமும் கூடியிருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். ஊழியர்களுக்குக் கூடுதல் சம்பளம் என்றால் நான் மனமாரக் கொடுப்பேன். எங்கள் புளோக்கில் வேலை செய்யும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி, மழை பெய்த மறுநாளெல்லாம் விடியும் முன்பே அந்தத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறார். “அம்மா, தண்ணியத்தான் நான் தள்ள முடியும், தரையை நிமித்த முடியுமா?” என்று என்னிடம் கேட்டார். இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த தெளிவான தொழில்நுட்ப விளக்கம் அதுதான்.

குடியிருப்புப் பேட்டைகளை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கையிலிருந்து எடுத்து, மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒப்படைத்ததன் நோக்கமே, பேட்டை எப்படி நடக்கிறது என்பதற்கு வாக்காளர்களிடம் பதில் சொல்ல ஒருவர் இருக்கவேண்டும் என்பதுதான். நகர மன்றங்களை 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் தொடங்கி, 1988இல் சட்டமாக்கினார்கள். கழகத்தின் பழைய வட்டார அலுவலகத்தில் கடுகடுத்த முகத்துடன் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். நன்றி சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை, ஆனால் வந்து பார்ப்பார். இப்போது தேசிய வளர்ச்சி அமைச்சு நகர மன்றங்களுக்குத் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி என்று பிரித்துப் பிரித்து நிறத்தால் தரம் கொடுக்கிறது. எங்கள் நகர மன்றத்துக்குக் கிடைத்தது பச்சை, அதாவது ஆக உயர்ந்த தரம். அந்தத் தரைக்கும் அதே நிறம்தான், பாசி படிந்திருக்கிறது.

எனவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. குடியிருப்பாளர்கள் தெரிவிப்பதில்லை என்ற கருத்துக்கு மறுப்பாக இக்கடிதத்தை வெட்டாமல் வெளியிடுங்கள். அந்த இடத்தில் நாலைந்து ஓடுகளைப் பெயர்த்து, சரிவை வடிகால் பக்கம் திருப்பி, பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தித் தரும்படி நகர மன்றத்திடம் தங்கள் செய்தியாளர் ஒருவர் கேட்டால் பதில் வரும் என்று நம்புகிறேன். முகவரியும் படங்களும் தனியே வைத்திருக்கிறேன். புளோக் எண்ணை வெளியிட வேண்டாம். செய்தியாளர் நேரில் வருவதாக இருந்தால், இரவு மழை பெய்த மறுநாள் காலையில், அந்தத் தம்பி துடைப்பத்தோடு வருவதற்கு முன்னதாக வரச்சொல்லுங்கள். தரை காய்ந்திருந்த மத்தியானங்களில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிங்கப்பூர்