மழைக்கால நுவரெலியாவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா என்றாலே பலருக்கும் ஏப்ரல் வசந்தகாலம்தான்: குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, வாகன நெரிசல். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழைத் தூறலும் குளிரும் சேர்ந்துவிட்டால் வெளியே இறங்கவே யோசிக்கிறோம். ஆனால் தூரதேசத்துப் பறவை விருந்தாளிகள் இங்கே இருப்பது அப்போதுதான்.

விக்டோரியா பூங்காவில் காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கோடையில் காஷ்மீர்ப் பக்கம் கூடு கட்டும் ஈப்பிடிப்பான், குளிருக்கு நம் மலைகளைத் தேடி வருகிறது. செம்மஞ்சள் தொண்டையும் மார்பும் கொண்ட சின்னஞ்சிறு பறவை, ஓரிடத்தில் நிற்காது. ஆறுமணிக்குருவியோ தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்.

ஹோட்டன் சமவெளிப் பக்கம் மரங்கள் முழுக்கப் பாசி. மழை பெய்யாத நாளிலும் மூடுபனி அதில் பட்டு நீராகச் சொட்டும். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீர் கொடுக்கும் மலைக்காடு அது. (தாழ்ந்த காடுகளில் அட்டை கடிக்கும்தான். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு போகலாம்.)

பாடசாலைச் சுற்றுலா என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு பஸ் பிடிக்கிறோம். சரி, அதுவும் வேண்டும். ஜனவரியில் ஒரு காலை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பக்கத்துக் காட்டோரம் நடத்திக் கூட்டிப்போய், பார்த்த பறவைகளைக் கொப்பியில் எழுதச் சொன்னால் என்ன? அதைப் பிரசுரிக்க உங்கள் சிறுவர் பகுதியில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நானுஓயா