பழைய மேஸி பெர்குசன்: ஞாயிறு காலை வேலை ஆரம்பம்

வணக்கம் நண்பர்களே. நம் பாலிடெக்னிக் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் கிடக்கும் மேஸி பெர்குசன் 35 டிராக்டரை நாமே சீர்செய்ய அனுமதி கிடைத்துவிட்டது. வரும் ஞாயிறு (15ஆம் தேதி) காலை 7 மணிக்கு வந்துவிடுங்கள்.

1. யாரும் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டாம். பல வருடம் நின்ற இன்ஜின், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்திருக்கும். முதலில் இன்ஜெக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) கழற்றி, மூன்று சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுவோம். அப்புறம்தான் ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) கையால் அசைப்பது. அவசரப்பட்டால் பிஸ்டன் ரிங் உடையும்.

2. இது பிரிட்டிஷ் கம்பெனியான பெர்கின்ஸின் இன்ஜின் என்பதால் அங்குல ஸ்பானர் செட் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு போல்ட் தலையை மழுக்கிவிடாதீர்கள்.

3. இதில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வடித்துப் பிடிக்க 20 லிட்டர் கேன் இரண்டு தேவை.

4. சீரியல் நம்பர் தகட்டில் உப்புத்தாள் படக்கூடாது. முதலில் போட்டோ எடுப்போம்.

5. எந்தக் கலர் பெயின்ட் என்ற பேச்சு இப்போது வேண்டாம். பெர்குசனோடு மேஸி பெயர் சேர்ந்த பிறகு வந்த 35க்குச் சிவப்பு பானெட்தான், சண்டை போதும்!

6. செலவுக்கு ஆளுக்கு 500 ரூபாய், நேரில் தரலாம்.

மட்கார்டு அரித்துப் போயிருப்பதால் வெல்டிங் தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். வருகிறீர்களா, என்ன கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.