ஆட்டோ பிடிக்கும் முன் தண்ணீர்

கொழும்பு மாநகரில் முன்பள்ளிகளும் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களும் நடத்துவோருக்கு,

வணக்கம். எரிகாயம் பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் வைத்தியரும் தாதியரும் எழுதுகிறோம். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிகள் கிட்டவே இருக்கின்றன, வாசலில் ஆட்டோவும் நிற்கிறது. அதனாலேயே பிள்ளைமேல் தேத்தண்ணி கொட்டியதும் வாரியெடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ நெரிசலில் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கு வந்து சேரும்வரை, தோலில் தங்கிய சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதலில் தண்ணீர், பிறகு ஆட்டோ. நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபது போலத் தோன்றும். உடனே செய்வதுதான் நல்லது, ஆனால் 3 மணித்தியாலத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. தண்ணீர் வெட்டு நாட்களுக்காக ஒரு வாளி நிரம்ப வைத்து, கோப்பையால் விடாமல் ஊற்றுங்கள். வாளிக்கு இறுக்கமான மூடி வேண்டும், தவழும் பிள்ளை அதற்குள் தலைகீழாக விழுந்தால் அது வேறு ஆபத்து. ஐஸ் வேண்டாம். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். காயத்தை மட்டும் குளிரவையுங்கள், மற்ற இடத்தைத் துவாயால் போர்த்துங்கள். பிள்ளை நடுங்கத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திச் சூடாக வைத்திருங்கள்.

தண்ணீர் ஓடும்போதே உடுப்பைக் கழற்றுங்கள். பம்பர்ஸை மறந்துவிடுகிறார்கள், அது சுடுநீரை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும். தோலில் ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றிவர வெட்டுங்கள். வளையல், அரைஞாண், கைக்கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதையும் பூசாதீர்கள். வலியோடு இருக்கும் பிள்ளையிடமிருந்து அதை வழித்தெடுத்த பிறகுதான் எங்களுக்குக் காயம் தெரியும். நிறம்தான் ஆழத்தைச் சொல்கிறது: இளஞ்சிவப்பாக, ஈரமாக, அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவந்தால் மேலோட்டமான காயம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும். வெள்ளையாகவோ திட்டுத்திட்டாகவோ இருந்து, அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் ஆழம். தொட்டும் பிள்ளை அழவில்லையென்றால் நிம்மதி அடையாதீர்கள், நரம்புகளும் வெந்திருக்கலாம். ஆற மூன்று வாரத்துக்கு மேலானால் தழும்பு தடிக்கும். மூட்டில் என்றால், பிள்ளை வளர வளரத் தழும்பு கூடவே வளராமல் கையை மடக்கி இழுக்கும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மருந்து ஒன்றும் பூசாமல் சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

காயத்தின் பரப்பை அளக்கப் பிள்ளையின் கையையே பாருங்கள்: அதன் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 வீதம். உங்கள் கையால் அளக்கக்கூடாது. காயம் 10 வீதத்தைத் தாண்டினால் சேலைன் தேவைப்படும். வளர்ந்தவருக்குத் தலை 9 வீதம், கைக்குழந்தைக்கு 18 வீதம். ஒரு கோப்பைத் தேத்தண்ணி சிறுபிள்ளைக்கு எவ்வளவு பெரிய காயம் என்பது இதில் விளங்கும். ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தும் அது தோலைச் சுடும். பிள்ளையை மடியில் வைத்துக் குடிப்பதையும் மேசையிலிருந்து கேத்தல் வயர் தொங்குவதையும் தடைசெய்யுங்கள். முகம், கை, கால் பாதம், மூட்டு, மறைவிடம், மின்சாரம் என்றால் அளவு பார்க்காமல் ஆஸ்பத்திரி. பெரிய காயத்துக்கு, ஒருவர் தண்ணீர் ஊற்றும்போதே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கட்டும்.

கட்டுப்போட்ட பிள்ளை இரண்டு, மூன்று நாளில் உங்களிடம் திரும்பி வரும். அப்போது கடும் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, வயிற்றோட்டம், சோர்ந்து கிடத்தல் கண்டால் தாமதிக்காதீர்கள். காயம் சிறிதாக, சுத்தமாகத் தெரிந்தாலும் கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். டெங்குக் காலத்தில் இதை டெங்கென்று நினைத்துக் காத்திருப்பதும் நடக்கும்.

பிள்ளையோடு ஒரு துண்டுக் காகிதம் அனுப்புங்கள். என்ன கொட்டியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் பிடித்தீர்கள், பனடோல் கொடுத்தீர்களா, கடைசியாக நிறுத்த எடை என்ன என்று அதில் இருக்கட்டும். சேலைன் கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, சுட்ட நேரத்திலிருந்தே தொடங்குகிறது.

இப்படிக்கு,
எரிகாயச் சிகிச்சைப் பணியாளர்கள், கொழும்பு