16 டிபி என்று போடுகிறீர்கள், கைக்கு வருவது எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தொழில்நுட்பப் பக்கத்தில் வீட்டிலேயே சர்வர் வைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 'நான்கு 4 டிபி டிஸ்க் போட்டால் 16 டிபி இடம் கிடைக்கும்' என்று நடுவில் ஒரு வரி வந்திருக்கிறது பாருங்கள், அதை நம்பி யாராவது வாங்கினால் ஆறு மாதத்தில் உங்களைத்தான் திட்டுவார்கள். மதுரையில் என்னைப் போல கல்யாணம், காதணி விழா என்று வீடியோ எடுத்து, ஃபுட்டேஜை வீட்டு நாஸ் பெட்டியில் (பல டிஸ்க் மாட்டி நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) சேர்த்து வைப்பவர்கள் நிறையப் பேர். கடை விளம்பரங்களிலும் இந்த மொத்தக் கணக்குதான் பெரிய எழுத்தில் வருகிறது.

ரெய்டு என்பது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் முறை. நான்கு டிஸ்க்கை ரெய்டு 5-ல் கட்டினால் ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்குப் போய்விடும், மிச்சம் 12. ஒரு டிஸ்க் செத்தால் மற்றதை வைத்து அதில் இருந்ததை மீட்கத்தான் அந்த இடம். 5, 7, 9 மூன்றின் கூட்டுத்தொகை 21 என்று குறித்து வைத்திருந்தால் 7 அழிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலை. ரெய்டு 6 என்றால் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும், ஆனால் 8 டிபிதான் மிஞ்சும். அப்புறம் விண்டோஸ் அந்த 12-ஐயும் 10.9 என்றே காட்டும். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனிக்கு ஒரு டிபி என்றால் லட்சம் கோடி பைட், விண்டோஸோ 1024-ஆல் வகுத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். (2009-லிருந்து மேக்கில் டிஸ்க் கம்பெனி கணக்கேதான்.)

அந்த 12-ஐயும் கழுத்து வரை நிரப்பக் கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்து என்பதுதான் வழக்கமாகச் சொல்வது, அதற்கு மேல் போனால் இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் எழுதும் வேகம் படுத்துவிடும். ஸ்னாப்ஷாட் (ஃபைல்கள் அந்த நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைப்பது) போட்டு வைத்திருந்தால் அழித்த ஃபைலும் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆக 9.6 டிபி.

இதை எங்கள் தொழிலில் வைத்துப் பாருங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோ, மணிக்கு 45 ஜிபி. காதணி விழாவுக்கு இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் (தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வந்து சேரவே பாதி நேரம் போய்விடும், கேமராவை நிறுத்தவும் முடியாது) என்றால் 540 ஜிபி. உங்கள் 16 டிபி கணக்கில் 29 விசேஷம் கொள்ளும். நிஜத்தில் 17. ஆவணியில் வாங்கிய பெட்டி தை முகூர்த்தத்துக்குள் நிரம்பிவிடும்.

நிரம்பினால் ஒரு 8 டிபி மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். சாதாரண ரெய்டில் நான்கில் ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு ஜிபி கூட ஏறாது, இருப்பதிலேயே சின்ன டிஸ்க்கின் அளவுதான் எல்லாவற்றுக்கும். 16 வேண்டுமென்றால் ரெய்டு 5-ல் ஐந்து 4 டிபி போடலாம், ஆனால் நான் சொல்வது ரெய்டு 6-ல் நான்கு 8 டிபி. காசு கூடத்தான். ஆனால் ஒரு 4 டிபி டிஸ்க்கை மாற்றினால், வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடினாலே ரீபில்டுக்கு (செத்த டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் மறுபடி எழுதி நிரப்ப) ஏழரை மணி நேரம், 8 டிபிக்கு அதில் இரண்டு மடங்கு, நடுவில் எடிட்டிங்கும் நடந்தால் இன்னும் இழுக்கும். அத்தனை நேரமும் மூச்சுவிடாமல் ஓடப்போவது ஒரே நாளில் வாங்கிய, ஒரே வயசு டிஸ்க்குகள். ரெய்டு 5-ல் அப்போது இன்னொன்று போனால் கதை முடிந்தது. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் திருத்தி எழுத மெதுவான) டிஸ்க்காக இருந்தால் ரீபில்டு நாள்கணக்கில் கூடப் போகும். நாஸுக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளில் அது சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்திருந்தது 2020-ல் தெரியவந்து பெரிய பிரச்சினையே ஆனது, அதனால் மாடல் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும். யூபிஎஸ் அவசியம், அதுவும் சிறியது என்றால் பெட்டியை ஒழுங்காக அணைக்கும் வரைதான் தாங்கும். உங்கள் பத்திரிகையில் வரும் 'நாளைய மின்தடை' பட்டியலைப் பார்க்காமல் நான் டிஸ்க் மாற்ற உட்காருவதே இல்லை.

எந்த ரெய்டானாலும் பேக்கப் ஆகாது. ஆல்பம் கொடுக்காத வேலைகளுக்குத் தனியாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், அதுவும் வேறு வீட்டில், நான் திருமங்கலத்தில் மாமனார் வீட்டில் வைத்திருக்கிறேன். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். முடிந்தால் விளம்பரப் பிரிவிலும் சொல்லி, '16 டிபி'க்குக் கீழேயே 'ரெய்டு 5-ல் 12, ரெய்டு 6-ல் 8' என்று போடச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோகிராஃபர்,
வில்லாபுரம், மதுரை