கோர்டோபாவில் நான்கரை மணி

கோர்டோபா,
ஜூலை 17, இரவு.

அன்பு மகளுக்கு,

இன்று இரவு நீ தொலைபேசியில் கேட்டபோது, எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன், சாப்பிட்டேன், படுக்கப் போகிறேன் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் மாலை நான்கரை மணிக்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நேரில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கிட்டு, இனி தனியாக எங்கும் போகக்கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவாய் என்பதால் எழுதி வைக்கிறேன். சனிக்கிழமை மியூனிக் வந்ததும் இதை உன் கையிலேயே தருவேன். அம்மாவிடம் எப்போது காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

நீ தட்டச்சு செய்து கொடுத்த தாளின்படியே நாளைத் தொடங்கினேன். இந்த ஸ்பானிய ஊரின் பழைய பள்ளிவாசலான மெஸ்கிதாவில் ஞாயிறு தவிர்த்த நாட்களில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை கட்டணமில்லை என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, எட்டேகாலுக்கே வாசலில் நின்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் மதகும் கலிங்கும் கட்டிக் காலம் தள்ளியவனுக்கு அந்த 856 தூண்களுக்கு நடுவே போய் நின்றதும் பக்தியைவிடக் கணக்குதான் முதலில் மனத்தில் ஓடியது. அப்போது இங்கே ஆண்ட அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டளவில் இதைத் தொடங்கியபோது பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவை குட்டையானவை, அவற்றின் தலையிலேயே கூரையை அமர்த்தியிருந்தால் அவ்வளவு பெரிய மண்டபம் நிலவறையைப் போல அழுத்தியிருக்கும். ஆகவே தூணுக்கு மேல் இன்னொரு கல்தூணை ஏற்றி, கீழே லாட வடிவில் ஒரு வளைவும் மேலே அரைவட்டமாக ஒரு வளைவும் கட்டியிருக்கிறார்கள். கூரையின் பாரத்தை மேல்வளைவு வாங்கிக்கொள்கிறது. கீழ்வளைவு எதையும் சுமக்காமல், உயர்ந்துவிட்ட தூண்கள் சாய்ந்துவிடாதபடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் செய்கிறது. சிவப்புச் செங்கலும் வெளிர்கல்லும் மாறி மாறி வரும் அந்த வரிகளைப் படத்தில் பார்த்தபோது வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். மெரிதா நகரத்து ரோமானியத் தொட்டிப்பாலத்திலும் இப்படிச் செங்கல்லும் கல்லும் கலந்து அடுக்கடுக்காக வளைவுகள் உண்டு. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் இருக்கிறார்கள். தொட்டிப்பாலத்தை ஒருவன் தொழுகை மண்டபமாக்கினான் என்றால் என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1236இல் நகரம் கிறிஸ்தவ அரசரின் கைக்கு வந்தது. 1523இல் தொடங்கி மண்டபத்தின் நடுவே தூண்களை அகற்றி ஒரு பேராலயத்தையே எழுப்பியிருக்கிறார்கள். தனியாக வேறோர் ஊரில் இருந்திருந்தால் அதையும் வியந்து பார்த்திருப்பேன். அங்கே எனக்கு அது ஒட்டவில்லை.

வெளியே முற்றத்தில் ஆரஞ்சு மரங்களின் அடிகளைக் கல்லில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் இணைக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து குனிந்தபடியே நான் நடந்ததைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டேன் என்று எண்ணிக் காவலர் ஒருவர் அருகில் வந்துவிட்டார். பிறகு யூதர் தெருவில் 1315ஆம் ஆண்டின் சிறிய தொழுகைக் கூடத்தையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பினேன். பன்னிரண்டு முதல் நான்கு வரை வெளியே போகக்கூடாது என்று நீ தாளில் அடிக்கோடிட்டிருந்ததை ஒரு நிமிடமும் மீறவில்லை.

தவறு அங்கேதான் இருந்தது. ஆனால் அது உன் தவறு அன்று. நம் ஊரில் நான்கு மணி என்றால் வெயில் இறங்கிவிட்டது என்று பொருள். இந்த நாட்டின் கடிகாரமோ 1940இல் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, பழைய நிலைக்குத் திரும்பாமலேயே இருந்துவிட்டது; கோடையில் அதற்கு மேலும் ஒரு மணி நேரத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணிக்குச் சற்று முன்னால்தான். நான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிய நான்கரை மணி, வெயிலின் கணக்கில் பிற்பகல் இரண்டு. மருந்துக் கடையின் பச்சைச் சிலுவைப் பலகையில் 43 என்று வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன. தெருவில் உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை. இவ்வளவையும் பார்த்தபின்னும் எனக்கு உறைக்கவில்லை.

குவாடல்கிவிர் ஆற்றில் அல்போலாஃபியா என்ற பழைய நீர்ச்சக்கரம் ஒன்று இருக்கிறது. ஆற்று நீரை இறைத்து அரண்மனைக்கு ஏற்றிய சக்கரம். அதன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று இசபெல் அரசி கழற்றச் சொன்னதாக ஊரில் கதை. இப்போது நிற்பது பிற்காலத்தில் செய்து வைத்தது. அதைப் பாலத்திலிருந்து பார்க்கலாம் என்று ரோமானியப் பாலத்தில் ஏறினேன். அதன் முழு நீளத்திற்கும் ஒரு கைக்குட்டை அளவு நிழல் இல்லை. காற்று உலர்ந்து கிடப்பதால் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையவே இல்லை. நனையாத சட்டையை நம்பி, உடம்பில் நீர் இருக்கிறது என்று எண்ணிவிட்டேன். பாலத்தின் நடுவே சான் ரஃபாயேல் என்ற தேவதூதரின் சிலைக்கு அருகில் வந்தபோது கைகள் சிலிர்த்தன. அந்த வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சிலையின் அடியில் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வேலை முடித்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தம்மிடமிருந்த புட்டித் தண்ணீரை என் பிடரியிலும் மணிக்கட்டிலும் ஊற்றினார். மீதியைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொன்னார். பிறகு "சோம்ப்ரா, சோம்ப்ரா" என்று சொல்லிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். நிழல் என்று பொருள். நான் கற்ற ஸ்பானியச் சொற்களில் இனி மறக்க முடியாதது அதுதான்.

அருகிலேயே சான் பசிலியோ பகுதியில் அவர் வீடு. பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் பழைய வீடு. வாசல் நடையைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் வேறொரு பருவத்துக்குள் நுழைந்தது போலிருந்தது. மேலே துணிப்பந்தல், சுண்ணாம்பு பூசிய உயர்ந்த சுவர்கள், சுவரெங்கும் பூந்தொட்டிகள், மூலையில் கிணறு. இரவில் இறங்கிய குளிர்ந்த காற்று கனத்துத் தரையிலேயே தங்கிவிட, பகலின் வெயில் உள்ளே எட்டாதபடி பந்தல் தடுக்க, செடிகளும் ஈரத் தரையும் மிச்ச வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. மின்சாரமே இல்லாத குளிர்சாதனம் அது. எட்டாத தொட்டிகளுக்கு நீண்ட கம்பின் நுனியில் கட்டிய தகரக் குவளையால் ஒரு முதியவர் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தக்காளியும் வெள்ளரியும் பூண்டும் அரைத்த கஸ்பாச்சோவைக் குளிரக் குளிரக் கண்ணாடிக் குவளையில் கொடுத்துவிட்டு, விசிறியால் வீசியபடி எதிரே உட்கார்ந்திருந்தார். அரை மணியில் தலை தெளிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று சைகையால் கேட்டார், வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தால் போயிருப்பேன், இதை நீ நம்ப வேண்டும்.

பணம் எடுத்தபோது அவர் முகம் மாறியது. உடனே உள்ளே வைத்துவிட்டேன். உன் மகளின் படத்தைக் காட்டினேன். அவர் தம் பேரனின் படத்தைக் காட்டினார். அதற்கு மேல் எங்களுக்கு மொழி இல்லை.

நாளைய தாளைத் திருத்திவிட்டேன்: ஒரு மணி முதல் எட்டு மணி வரை அறை, அதுவரை அவர் சொன்ன சோம்ப்ரா. உனக்குத் தொலைபேசியில் பேசியது ஒன்பது மணிக்கு. அதன்பின் உடனே படுக்கப் போகவில்லை. அந்தப் பாலத்தைப் பாதியில் விட்டது உறுத்திக்கொண்டே இருந்ததால் மறுபடியும் போனேன். சூரியன் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. பகலில் காணாத ஊர்மக்கள் அத்தனை பேரும் குழந்தைகளோடு பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார்கள். மறுமுனையில் இருக்கும் கலாவோர்ரா கோபுரம் வரை போய், கரையில் நின்று பதினாறு வளைவுகளையும் எண்ணிவிட்டுத் திரும்பினேன். கையில் இரண்டு புட்டித் தண்ணீர் இருந்தது.

அன்புடன்,
அப்பா