மிக் மிஷினைக் குறை சொல்லும் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். வயரைத் தானாகத் தள்ளி உருக்கி இரும்பை ஒட்டுகிற மிக் வெல்டிங் மிஷினை ரிப்பேர் பார்க்கிறவன் எழுதுகிறேன். "வெல்டு பிடிக்கவே மாட்டேங்குது, மிஷின் போச்சு" என்று நீங்கள் அனுப்பி வைக்கிற பெட்டியைத் திறந்தால், பல நேரம் உள்ளே ஒரு கோளாறும் இருப்பதில்லை. வெல்டர் கையில் பிடிக்கிற டார்ச்சின் முனையில் ஓட்டை தேய்ந்து நீள்வட்டமான டிப், வயரை அதுவரை கொண்டுபோகிற குழாயான லைனரில் தூள் அடைப்பு, இரும்பில் மாட்டுகிற எர்த் கிளாம்பில் பிடிப்பு போனது என்று கோளாறு எல்லாம் வெளியேதான் இருக்கிறது. மிஷின் விலைக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை. ஆனால் அந்தச் சில்லறையை எடுத்துக் கொடுக்க வேண்டியது நீங்கள், வெல்டர் இல்லை. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

வயர் போகிற பாதையில் ஆரம்பிக்கலாம். 0.8 மில்லிமீட்டர் வயர் போட்டால் டிப்பும் 0.8, வயரைத் தள்ளுகிற ரோலரின் காடியும் 0.8 இருக்க வேண்டும். சாதாரண இரும்பு வயருக்கு வி வடிவக் காடி, அலுமினியத்துக்கு யு வடிவம், உள்ளே பொடி அடைத்த ஃப்ளக்ஸ் வயருக்குப் பல் வெட்டிய ரோலர். வயர் நழுவுகிறது என்றதும் எல்லாரும் செய்வது ரோலர் திருகை இறுக்குவது. இறுக்க இறுக்க வயர் நசுங்குகிறது, மேல் பூச்சு உரிகிறது, அந்தத் தூள் லைனரை அடைக்கிறது, அடைத்ததும் மறுபடி நழுவுகிறது, மறுபடி இறுக்குகிறார்கள், கடைசியில் ரோலர் பக்கத்தில் வயர் சிக்கு விழுந்து நிற்கும். சரியான இறுக்கத்தைப் பார்க்க ஒரு காய்ந்த மரக்கட்டை போதும்: டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து டிரிகரை அழுத்தினால் வயர் கட்டையில் முட்டி நிற்காமல் சுருண்டு வர வேண்டும், அதற்கு மேல் திருகைத் தொடாதீர்கள். ரோல் மாற்றும்போதெல்லாம் லைனருக்குள் காற்று அடித்துவிடச் சொல்லுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

கேஸ் வைத்து அடிக்கிற வயருக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும், கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயருக்குப் பெரும்பாலும் நெகட்டிவ். வயரை மாற்றிவிட்டு இதை மாற்ற மறந்தால் ஸ்பேட்டர், அதாவது உருகிய இரும்புத் துளி, வாரி இறைக்கும், பழி மிஷின் மேல். எர்த் கிளாம்பைப் பெயிண்ட் மேலும் துரு மேலும் மாட்டுவதும் இதே கதைதான். சுத்தமான இரும்பில், வெல்டு செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். பேரிங் வழியாகக் கரண்ட் போகிற மாதிரி மாட்டினால் அந்த பேரிங் கதை முடிந்தது.

அப்புறம், வெல்டில் காற்று படாமல் காக்கிற கேஸ். பீடில், அதாவது வெல்டு வரியில், பொத்தல் விழுந்தால் ஃப்ளோ மீட்டரை ஏகத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். நிமிஷத்துக்கு 10 முதல் 15 லிட்டர் பெரும்பாலான வேலைக்குப் போதும். அளவு மீறினால் கேஸ் சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, பொத்தல் இன்னும் கூடும். முதலில் டார்ச் முனையில் கேஸ் வருகிற நாசிலுக்குள் ஒட்டியிருக்கிற ஸ்பேட்டரைச் சுரண்டுங்கள், ஹோஸ் ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள்.

கேஸ் கலைகிறது என்று விசிறியை அணைக்கச் சொல்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கலைவது உண்மைதான். ஆனால் விசிறி நின்றால் அந்தப் புகை வெல்டர் மூச்சுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. வெல்டு மேல் காற்று அடிக்காமல், புகையைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே தள்ளுகிற எக்ஸாஸ்ட் வையுங்கள், இரண்டு பிரச்சினையும் தீரும். ஜிஐ பைப் என்றால் வெல்டு செய்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் எடுக்க வேண்டும். அந்தப் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், காலையில் வேலைக்கு வராவிட்டால் சோம்பேறி என்று பெயர் வைப்பீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் ஆர்க் அடிக்கவே கூடாது. அந்த ஆவி ஆர்க் வெளிச்சத்தில் பாஸ்ஜீனாக மாறும், அது ஆளைக் கொல்லும் விஷம்.

ஹெல்மெட் கண்ணாடி, 60 ஆம்பியருக்கு மேல் போகிற வேலைக்கு, 10-ஆம் எண்ணுக்குக் குறையக் கூடாது. வெல்டருக்காவது அது இருக்கிறது. வெல்டு செய்கிற துண்டைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொள்கிற உதவியாள் பையனுக்கு என்ன இருக்கிறது? ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், தூக்கம் வராது. அவனுக்கும் ஒரு ஹெல்மெட், பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு திரை. சிலிண்டரைச் செயின் போட்டுக் கட்டுங்கள். வேலை முடிந்ததும் அரை மணி நேரமாவது ஒருவர் அங்கே நிற்கட்டும், பொறி எங்கே பதுங்கியிருக்கிறது என்று அப்போதைக்குத் தெரியாது.

சரி, பெட்டிக்கும் வருகிறேன், நிஜமாகவே பெட்டி கெட்டுப்போவதும் உண்டு. இன்வெர்ட்டர் மிஷின் பக்கத்தில் கிரைண்டர் ஓட்டினால் இரும்புத் தூளை உள்விசிறி இழுத்து போர்டில் படியவைக்கும், ஒரு நாள் ஷார்ட் ஆகும். 200 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்று மிஷின் மேல் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம்தான் வெல்டு, நாலு நிமிஷம் ஓய்வு. அவசர ஆர்டர் என்று மிஷினுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுவிட்சை அணைத்த கையோடு மூடியைக் கழற்றிப் பார்க்கவும் யாரையும் விடாதீர்கள், கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

அடுத்த முறை ரிப்பேருக்கு அனுப்பும்போது டார்ச், எர்த் கேபிள், போட்டிருந்த வயர் ரோல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் பெட்டியை மட்டும் அனுப்பினால் என்னிடம் நன்றாகத்தான் ஓடும்.