ஹலோவீன் இரவு: வாசல் லைற் பற்றி

வணக்கம் உறவுகளே,

ஒக்டோபர் 31ஆம் திகதி, ஹலோவீன் இரவில், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போவது பற்றி இரண்டு நாளாகக் குழுவில் ஒரே பேச்சு. பேய் வேடம் தங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று இரண்டு குடும்பங்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை மதிக்கிறேன். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம்.

ஆனால், "வீடு வீடாகப் பிச்சை எடுப்பதா?" என்று ஒருவர் எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அந்தக் காலத்துப் பிள்ளைகள் வேடம் போட்டு, பாட்டோ கவிதையோ சொல்லித்தான் பழமும் கொட்டையும் வாங்கினார்கள். இங்கே கனடாவிலும் 1955 முதல் சுமார் ஐம்பது வருடங்கள், ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெஃபின் செம்மஞ்சள் பெட்டியோடு போய் மற்ற நாட்டுச் சிறுவர்களுக்காகச் சில்லறை சேர்த்தார்கள். கதவைத் தட்டிப் பேசித்தான் நானே பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவை அறிந்துகொண்டேன், இங்கே வந்து மூன்றாவது வருடம்.

விருப்பமில்லாதவர்கள் வாசல் லைற்றை அணைத்துவிடுங்கள், அது போதும். இருட்டான வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் நம் தெருவில் இருக்கிறார்கள். நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வாசலில் இருந்தால், அங்கே ஸ்டிக்கர், பென்சில் போன்ற சாப்பிடாத பொருட்களும் கிடைக்கும் என்று அர்த்தம். நான் ஒன்று வைக்கிறேன், நீங்களும் வையுங்கள்.

சின்னவர்களோடு நடக்க இரண்டு பெரியவர்கள் தேவை. வரக்கூடியவர்கள் இன்றிரவே எழுதுங்கள்.